நாற்பது ரேண்ட்: டர்பனில் சம்பளக் கணக்கு எழுதுபவனின் பெருந்தொற்றுக் கால அனுபவம்

2020 மார்ச் 23ஆம் தேதி இரவு தென்னாப்பிரிக்க அதிபர் சிரில் ராமபோசா தொலைக்காட்சியில் பேசி முடித்த சில நிமிடங்களிலேயே என் கைபேசி ஒலிக்கத் தொடங்கிவிட்டது. 26ஆம் தேதி நள்ளிரவு முதல் 21 நாட்களுக்கு நாடு முழுவதும் பொதுமுடக்கம் என்று அவர் அறிவித்திருந்தார். கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 1999இல் டர்பனுக்கு வந்த நான், அந்நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் பதினான்கு சிறு தொழில்களுக்குச் சம்பளக் கணக்கும் வரிக் கணக்கும் எழுதிப் பிழைக்கிறேன். ஒரு ரொட்டிக்கடை, இரண்டு மசாலாக் கடைகள், ஒரு துணிக்கடை, ஒரு முடிதிருத்தகம், கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் சமைத்துக் கொடுக்கும் ஓர் அக்காவின் சமையற்கூடம் என்று என் வாடிக்கையாளர்கள் எல்லோரும் இருபது பேருக்கு மேல் வேலைக்கு வைத்திராதவர்கள். அன்றிரவு அழைத்தவர்களில் யாரும் நோயைப் பற்றிக் கேட்கவில்லை. “மாதக் கடைசியில் சம்பளத்துக்கு என்ன செய்வது?” என்பதையே ஆளாளுக்கு ஒரு விதமாகக் கேட்டார்கள். எனக்கும் விடை தெரியாது. ஆனால் பத்து நாட்களுக்குள், அரசு அறிவித்த நிவாரணங்களையெல்லாம் படித்துப் படிவம் நிரப்புவதே என் முழுநேர வேலையாகிவிட்டது. அந்த இரண்டு ஆண்டுகளில் நான் செய்த தவறுகளையும், அவற்றிலிருந்து கற்றுக்கொண்டு இன்றும் கடைப்பிடிக்கும் சில நடைமுறைகளையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் வந்தது டெர்ஸ். வேலையின்மைக் காப்பீட்டு நிதியிலிருந்து, தற்காலிகமாக வேலை நின்றுபோன தொழிலாளர்களுக்குச் சம்பளத்தில் ஒரு பங்கைக் கொடுக்கும் திட்டம் அது. இந்த நிதி ஒன்றும் புதியதன்று. ஒவ்வொரு தொழிலாளியின் சம்பளத்திலும் நூற்றுக்கு ஒன்று பிடித்து, முதலாளி தன் பங்காக இன்னொன்று சேர்த்து மாதந்தோறும் கட்ட வேண்டும் என்பது பல ஆண்டுகளாக இருந்துவரும் சட்டம். யார் யார் வேலையில் இருக்கிறார்கள், யார் சேர்ந்தார்கள், யார் விலகினார்கள் என்ற விவரத்தையும் ஒவ்வொரு மாதமும் 7ஆம் தேதிக்குள் யுஐ-19 என்ற படிவத்திலோ இணையத்திலோ தெரிவிக்க வேண்டும். அவசரத்தில் புதிதாக ஒரு வாய்க்கால் வெட்ட அரசுக்கு நேரமில்லை. ஏற்கெனவே இருந்த இந்த வாய்க்காலிலேயே தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். அது எந்தெந்த வயலுக்குப் பாய்ந்தது, எந்த வயல் காய்ந்தது என்பதைத்தான் நான் என் மேசையில் உட்கார்ந்து பார்த்தேன்.

சமையற்கூட அக்காவின் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். அவர் இந்த மண்ணில் நான்காவது தலைமுறை. தமிழில் பேசும்போது ஆங்கிலமே முக்கால்வாசி இருக்கும். ஆனால் அண்டா, கரண்டி, சாம்பார், பாயசம் என்று அடுப்பங்கரைச் சொல் ஒன்றையும் அவர் விட்டதில்லை. 2020 பிப்ரவரித் தைப்பூசக் காவடியின்போது இரண்டு கோவில்களுக்குச் சமைத்துக் கொடுத்தவர் அவர்தான். ஏப்ரல் 10ஆம் தேதி பெரிய வெள்ளி. ஈஸ்டர் விடுமுறையில் இசிப்பிங்கோ மாரியம்மன் கோவிலில் ஆயிரக்கணக்கானோர் கூடும் திருவிழாவுக்கு அவர் முன்பணம் வாங்கி, அரிசியும் பருப்பும் இறக்கி வைத்திருந்தார். எல்லாம் நின்றுபோயிற்று. சாவு வீட்டில்கூட ஐம்பது பேருக்கு மேல் கூடக் கூடாது என்று விதி வந்தபோது, பதினாறாம் நாள் சாப்பாடு என்ற வருமானமும் போனது.

அவரிடம் பதினொரு பேர் வேலை பார்த்தார்கள். பதிவில் இருந்தவர்கள் நான்கு பேர்.

மற்ற ஏழு பேருக்கும் வெள்ளிக்கிழமை தோறும் உறையில் பணம். அவர்களில் சிலர் ஆறேழு ஆண்டுகளாக அங்கேயே இருந்தவர்கள். இது எனக்குத் தெரியும். இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். “அண்ணா, அவர்களே பிடித்தம் வேண்டாம் என்கிறார்கள்” என்று அக்கா சொன்னதும் விட்டுவிட்டேன். தொழிலாளர்கள் பிடித்தத்தை விரும்பவில்லை என்பதும் பொய்யில்லை. மாதம் 4,000 ரேண்ட் வாங்குபவருக்கு 40 ரேண்ட் பிடித்தால், ரொட்டி இரண்டு மூன்று குறையும். முதலாளிக்கும் ஆளுக்கு 40 ரேண்ட். கணக்கு எழுதுபவன் சண்டை போடும் அளவுக்குப் பெரிய தொகையாக அது அப்போது எனக்குப் படவில்லை.

ஏப்ரல் மாதத்தில் அந்த 40 ரேண்டின் பெறுமானம் தெரிந்தது. டெர்ஸ் கணக்கிடும் முறை இப்படி: சம்பளம் குறைவாக இருந்தால் அதில் 60 விழுக்காடு வரையும், கூடக் கூட விகிதம் குறைந்து 38 விழுக்காடு வரையும் கிடைக்கும். 17,712 ரேண்டுக்கு மேற்பட்ட சம்பளமானாலும் அந்தத் தொகையை வைத்தே கணக்கிடுவார்கள். ஆகவே அதிகபட்சம் மாதம் 6,730 ரேண்ட். கணக்கில் வரும் தொகை 3,500 ரேண்டுக்குக் கீழே போனால், 3,500 ஆக உயர்த்திக் கொடுக்க வேண்டும். 4,500 ரேண்ட் வாங்கிய ஒருவருக்குச் சூத்திரப்படி சுமார் 2,160 ரேண்ட்தான் வரும், ஆனால் கீழ்வரம்பால் 3,500 கிடைத்தது. முதலாளி விரும்பினால் மேலே 1,000 சேர்க்கலாம், இரண்டும் சேர்ந்து பழைய சம்பளத்தைத் தாண்டக் கூடாது. 12,000 ரேண்ட் வாங்கிய மேற்பார்வையாளருக்கோ 4,900க்குச் சற்றுக் குறைவாகவே கிடைத்தது. கீழ்மட்டத்தினருக்குச் சாதகமாக அமைந்த இந்தக் கணக்கை நான் அன்றும் பாராட்டினேன், இன்றும் பாராட்டுகிறேன். அக்காவின் சமையற்கூடத்தில் காய்கறி நறுக்கும் பெண்மணிக்குத் தன் சம்பளத்தில் பெரும்பகுதி கிடைத்திருக்கும், அவர் பெயர் பதிவில் இருந்திருந்தால்.

பதிவில் இருந்த நால்வருக்கு ஏப்ரல் கடைசி வாரத்தில் பணம் வந்தது. அதே அடுப்படியில் அவர்களோடு தோளோடு தோள் நின்றவர்களுக்கு வரவில்லை. அக்கா தன் சேமிப்பிலிருந்து ஏழு பேருக்கும் ஆளுக்கு 1,000 ரேண்டும், இறக்கி வைத்திருந்த அரிசி பருப்பிலிருந்து ஒரு பங்கும் கொடுத்தார். நல்ல மனம்தான். ஆனால் அந்த அரிசியை வாங்க வந்த பெண் ஒருத்தி என்னைப் பார்த்து, “உங்கள் புத்தகத்தில் நான் இல்லையாமே, இவ்வளவு நாள் நான் யார் வீட்டில் வேலை பார்த்தேன்?” என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை.

மே மாதக் கடைசியில் விதி திருத்தப்பட்டது. பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டியவர், ஆனால் முதலாளி பதிவு செய்யாமல் விட்டவர், அவரும் டெர்ஸ் பெறத் தகுதியுடையவர் என்று 26ஆம் தேதி வெளியான திருத்தம் சொன்னது. கட்டாமல் விட்ட பிடித்தத்தை முதலாளி பின்னர் செலுத்தியாக வேண்டும். அன்று மாலையே அக்காவின் சமையலறை மேசையில் உட்கார்ந்தோம். ஏழு பேர், ஒவ்வொருவரும் சேர்ந்த மாதம், ஒவ்வொரு ஆண்டின் சம்பளம். எழுத்தில் எதுவும் இல்லாததால், உறைகளின் மேல் அவர் பென்சிலில் குறித்து வைத்திருந்த தொகைகளே எங்களுக்கு ஆதாரம். ஒரு பிஸ்கட் தகரடப்பா நிறையப் பழைய உறைகள் இருந்தன. அவர் எதையும் தூக்கிப் போடாத பழக்கம் உள்ளவர் என்பது அன்று பெரும் உதவியாயிற்று. பாக்கியும் வட்டியும் சேர்த்து வந்த தொகையைப் பார்த்து அவர் முகம் மாறியது. தவணை கேட்டு எழுதினோம். ஜூலையில் அந்த ஏழு பேருக்கும் முதல் தொகை வந்தது. மூன்று மாதம் அவர்கள் பட்ட கடனை அது அடைத்துவிடவில்லை.

ஆகவே என் முதல் நடைமுறை: சம்பளத்தை உறையில் கொடுத்தாலும், எத்தனை சிறிய தொழிலாக இருந்தாலும், பெயர், அடையாள எண், சேர்ந்த தேதி, தொகை, கையெழுத்து ஆகிய ஐந்தும் உள்ள ஒரு நோட்டு கட்டாயம் இருக்க வேண்டும். புதிய வாடிக்கையாளர் வந்தால் வரிக் கணக்கைப் பார்ப்பதற்கு முன் அந்த நோட்டைத்தான் கேட்கிறேன்.

அடுத்தது என் சொந்தக் கைங்கரியம். டெர்ஸ் விண்ணப்பத்துக்குத் தொழிலாளர் பட்டியலைச் சிஎஸ்வி என்னும் எளிய அட்டவணைக் கோப்பாகத் தயாரித்து ஏற்ற வேண்டும். தென்னாப்பிரிக்க அடையாள எண்ணுக்குப் பதின்மூன்று இலக்கங்கள்: முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள், அடுத்த நான்கும் ஆணா பெண்ணா என்பதைக் காட்டும், கடைசி இலக்கம் மற்றவை சரியா என்று சோதிப்பதற்கானது. துணிக்கடையில் வேலை பார்த்த ஒரு பையன் 2001இல் பிறந்தவன். அவன் எண் 01 என்று தொடங்கும். எக்செல்லில் அந்தக் கோப்பைத் திறந்து, ஒரு சம்பளத் தொகையைத் திருத்தி, மறுபடியும் சேமித்தேன். முன்னாலிருந்த சுழியத்தை அது சத்தமில்லாமல் விழுங்கிவிட்டது. பன்னிரண்டு இலக்க எண் போய்ச் சேர்ந்தது; மற்ற எல்லோருக்கும் பணம் வந்து அவனுக்கு மட்டும் வரவில்லை. அரசையும் இணையத்தையும் மூன்று வாரம் திட்டித் தீர்த்துவிட்டுத்தான் என் கோப்பையே நான் திறந்து பார்த்தேன். எண்களுக்கான நெடுவரிசையை முதலிலேயே ‘உரை’ என்று வகைப்படுத்துவதும், சிஎஸ்வி கோப்பை இருமுறை சொடுக்கித் திறக்காமல் எக்செல்லுக்குள் இறக்குமதி செய்து திறப்பதும், அனுப்பும் முன் ஒவ்வோர் எண்ணும் பதின்மூன்று இலக்கம்தானா என்று எண்ணிப் பார்ப்பதும் அன்று முதல் வழக்கமாயின.

பெயர்களும் சும்மா விடவில்லை. இங்குள்ள தமிழர்களின் முன்னோர் 1860 முதல் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கியபோது, கப்பல் எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதி வைத்த பெயர்களே இன்றைய குடும்பப் பெயர்கள். கவுண்டர் ‘கவெண்டர்’ ஆனார், முதலி ‘மூட்லி’ ஆனார். பிள்ளை என்ற ஒரே பெயருக்கு ஆங்கிலத்தில் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல்கள். அடையாள அட்டையில் ஒன்று, வங்கியில் ஒன்று, என் சம்பளப் பட்டியலில் மற்றொன்று. திருமணத்துக்குப் பின் பெயர் மாற்றிய பெண்களுக்கு இன்னொரு சிக்கல். நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன் ஓர் எழுத்தர் அசட்டையாக எழுதியதற்கு 2020இல் ஒருவருக்குப் போன பணத்தை வங்கி திருப்பி அனுப்பியதைப் பார்த்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அடையாள அட்டையின் நகலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்துப் பார்த்து அடிப்பதைத் தவிர இதற்குக் குறுக்குவழி கிடையாது.

பணம் வந்த பின்பும் என் வேலை முடியவில்லை. டெர்ஸ் தொகை பெரும்பாலும் முதலாளியின் வங்கிக் கணக்குக்கே வந்தது. அதை இரண்டு நாட்களுக்குள் தொழிலாளர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும், வேறு எதற்கும் தொடக் கூடாது. ஒரு கடைக்காரர், பெயர் வேண்டாம், “கடை வாடகை இரண்டு மாதம் நிற்கிறது, இதில் கொஞ்சம் எடுத்துக் கட்டிவிட்டு அடுத்த மாதம் அவர்களுக்குச் சரிசெய்து விடுகிறேன்” என்றார். அவர் கெட்டவரல்லர், கடையே போய்விட்டால் வேலை எங்கே என்ற அவருடைய கேள்வியிலும் நியாயம் இருந்தது. ஆனாலும், அப்படிச் செய்வதானால் வேறு கணக்கரைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். அடுத்த நாள் பணம் பட்டுவாடா ஆனது. 2020 செப்டம்பரில் தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கை வெளியானபோது, இறந்தவர்கள், சிறையில் இருப்பவர்கள் ஆகியோர் பெயரிலெல்லாம் பணம் போயிருப்பது நாடறியத் தெரிந்தது. அதன் பிறகு தணிக்கை நிறுவனங்களைக் கொண்டு, பணம் உண்மையில் தொழிலாளியின் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று முதலாளி முதலாளியாகச் சோதிக்கத் தொடங்கினார்கள். 2022இல் என் வாடிக்கையாளர் ஒருவருக்கும் அந்தக் கடிதம் வந்தது. அவர்கள் கேட்டவை மூன்றே: பணம் வந்த வங்கி அறிக்கை, பணம் போன வங்கி அறிக்கை, தொழிலாளியின் சம்பளச் சீட்டு. ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு காகித உறையில் இந்த மூன்றையும் போட்டுத் தைத்து வைத்திருந்ததால் அரைநாளில் வேலை முடிந்தது. அரசு நிவாரணம் எதையும் வாங்கினால், வாங்கிய அன்றே தணிக்கைக்கான உறையையும் தொடங்கிவிடுங்கள். இரண்டு ஆண்டு கழித்துத் தேடினால் அகப்படாது.

ஏப்ரல் 21ஆம் தேதி அதிபர் அறிவித்த நிவாரணத் தொகுப்பு 50,000 கோடி ரேண்ட். அதில் மிகப் பெரிய துண்டு, 20,000 கோடி ரேண்ட், வங்கிகள் வழியாகத் தொழில்களுக்குக் கொடுக்கும் கடனுக்கான அரசு உத்தரவாதம். என் பதினான்கு பேரில் ஒருவர்கூட அந்தக் கடனை வாங்கவில்லை. இருவர் விசாரித்தனர், வங்கி வழக்கமான தகுதிகளையே கேட்டது. மற்றவர்களுக்குக் கடன் என்ற சொல்லே கசந்தது. “கடையைத் திறக்காதே என்று சொல்லிவிட்டு, திறக்காத கடையை வைத்துக் கடன் வாங்கு என்றால் எப்படி?” என்று ரொட்டிக்கடைக்காரர் கேட்டதில் எனக்கு மறுப்பில்லை. எங்கள் ஊர் கதைதான் நாட்டின் கதையும்: கடைசியில் வங்கிகள் கொடுத்தது 1,800 கோடி ரேண்டை ஒட்டிய தொகைதான், பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் டெர்ஸ் வழியாகத் தொழிலாளர்களுக்குப் போய்ச் சேர்ந்தது ஏறத்தாழ 6,000 கோடி ரேண்ட். வருமானமே நின்றுபோன சிறு தொழிலுக்குக் கடன் மருந்தாகாது என்பது என் கருத்து. விற்பனை திரும்ப வரும் என்ற நம்பிக்கை இருப்பவனே கடன் வாங்குவான், 2020 மே மாதத்தில் அந்த நம்பிக்கை யாருக்கும் இல்லை.

அதிகம் பேசப்படாத இன்னொரு சலுகை உண்மையில் உதவியது. இளைஞர்களை வேலைக்கு வைக்கும் முதலாளிக்குக் கொடுக்கப்படும் வேலைவாய்ப்பு வரிச்சலுகையை, 2020 ஏப்ரல் முதல் ஜூலை வரை நான்கு மாதங்களுக்கு, மாதம் 6,500 ரேண்டுக்குக் கீழே சம்பளம் வாங்கும் முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் நீட்டினார்கள். ஆளுக்கு மாதம் 750 ரேண்ட். ரொட்டிக்கடை அத்தியாவசியப் பட்டியலில் இருந்ததால் திறந்திருந்தது, ஆனால் விற்பனை பாதிதான். அங்கே அப்படிப்பட்டவர்கள் ஒன்பது பேர். நான்கு மாதத்துக்கு 27,000 ரேண்ட். அந்தத் தொகைதான் இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பாமல் தடுத்தது என்று கடைக்காரர் இன்றும் சொல்வார். வருவாய்த் துறையில் பதிவும், நிலுவையில்லாத கணக்கும் இருந்தால் மட்டுமே இது கிடைக்கும். முடிதிருத்தகத்துக்குப் பழைய அறிக்கைகள் இரண்டு பாக்கி, கிடைக்கவில்லை. சலுகை அறிவித்த பிறகு பழைய பாக்கியைத் தாக்கல் செய்ய ஓடுவது, வெள்ளம் வந்த பிறகு கரை கட்டுவதுதான்.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் வாட்டியது 350 ரேண்ட் உதவித்தொகை. வேலையும் இல்லாமல், வேறு எந்த உதவியும் இல்லாமல் இருக்கும் 18 முதல் 59 வயது வரையிலானவர்களுக்கு மாதம் 350 ரேண்ட் என்று 2020 மே மாதம் தொடங்கினார்கள். இந்த நாட்டில் குழந்தைக்கு உதவித்தொகை உண்டு, முதியவருக்கு உண்டு, உடல் ஊனமுற்றவருக்கு உண்டு. வேலை கிடைக்காத நல்ல உடம்புக்காரனுக்கு அதுவரை ஒன்றும் இல்லை. ஆகவே தொகை சிறிதானாலும் அது பெரிய மாற்றம். வாட்ஸ்அப்பிலேயே விண்ணப்பிக்கலாம் என்பதால் பங்களாதேஷ் சந்தையில் கீரையும் வெண்டைக்காயும் விற்கும் ஆயா ஒருவர் தன் பேரனுக்காக என்னிடம் கேட்க, என் கைபேசியிலிருந்தே போட்டுக் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் மறுப்பு வந்தது. காரணம்: வேலையின்மைக் காப்பீட்டு நிதியில் அவன் பெயர் பதிவாகி இருக்கிறது.

அவன் முன்பு என் வாடிக்கையாளரின் மசாலாக் கடையில் மூட்டை தூக்கியவன். 2019 நவம்பரில் நின்றுவிட்டான். நின்ற தேதியைப் படிவத்தில் பதிவு செய்ய வேண்டியவன் நான். டிசம்பர் மாத வேலை நெருக்கடியில் அதை விட்டிருந்தேன். ஆக, அரசின் பதிவேட்டில் அவன் இன்னும் மிளகாய்த்தூள் மூட்டையைத் தூக்கிக்கொண்டுதான் இருந்தான். அக்காவின் ஏழு பேருக்குப் பதிவு இல்லாததால் பணம் வரவில்லை. இவனுக்குப் பதிவு மூடப்படாததால் வரவில்லை. விலகிய தேதியையும் காரணத்தையும் குறித்துப் புதிதாக யுஐ-19 அனுப்பி, மேல்முறையீடு செய்து, ஒப்புதல் வந்தபோது ஆகஸ்ட் ஆகிவிட்டது. பாக்கித் தொகையும் சேர்ந்தே வந்தது என்றாலும், அதை வாங்க அஞ்சல் அலுவலக வரிசையில் விடியற்காலை நான்கு மணிக்குப் போய் நின்றான். அந்த ஆயாவிடம் தவறு என்னுடையது என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஒரு கட்டு முருங்கைக்கீரையை எடுத்துக் கையில் கொடுத்தார். காசு வாங்கிக்கொள்ளவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

சந்தையில் விற்கும் அந்த ஆயாவின் நிலையையும் சொல்ல வேண்டும். சொந்தமாக விற்பவருக்கு வேலையின்மைக் காப்பீட்டில் இடமே இல்லை. அவர் யாரிடமும் சம்பளம் வாங்குவதில்லை. அவருக்கு அறுபது கடந்துவிட்டதால் முதியோர் தொகை இருந்தது, தப்பித்தார். அவருக்குப் பக்கத்தில் ஊறுகாய் விற்ற ஐம்பது வயதுப் பெண்மணிக்கு டெர்ஸும் இல்லை, முதியோர் தொகையும் இல்லை. சந்தை மூடியிருந்த வாரங்களில் அவர் எப்படிச் சமாளித்தார் என்று கேட்டபோது, “மகன் வீட்டில்” என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டார்.

புள்ளிவிவரத்தைப் படிப்பதிலும் எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. 2020ஆம் ஆண்டின் இரண்டாம் காலாண்டில் நாட்டில் 22 லட்சம் வேலைகள் போயின. ஆனால் அதே காலாண்டில் அதிகாரபூர்வ வேலையின்மை விகிதம் 30.1 விழுக்காட்டிலிருந்து 23.3 ஆகக் குறைந்தது! வேலை தேடுபவனையே ‘வேலையற்றவன்’ என்று அந்தக் கணக்கு எடுத்துக்கொள்கிறது. பொதுமுடக்கத்தில் யாரும் வெளியே போய் வேலை தேட முடியவில்லை, ஆகவே அவர்கள் கணக்கிலிருந்தே மறைந்துபோனார்கள். மக்கள் மறுபடியும் தேடத் தொடங்கியதும் விகிதம் ஏறி, 2021இன் கடைசிக் காலாண்டில் 35.3 விழுக்காட்டைத் தொட்டது.

வேலையை நேரடியாக உருவாக்கும் திட்டமும் வந்தது. 2020 அக்டோபரில் அறிவித்த அதிபரின் வேலைவாய்ப்பு ஊக்கத் திட்டத்தில், பள்ளிகளில் உதவியாளர்களாக 18 முதல் 35 வயது வரையிலான சுமார் மூன்று லட்சம் இளைஞர்களை எடுத்தார்கள். முடிதிருத்தகம் நடத்துபவரின் மகள் வணிகவியல் பட்டம் பெற்று இரண்டு ஆண்டு வீட்டில் இருந்தவள். டிசம்பர் மாதம் சாட்ஸ்வொர்த்தில் ஓர் ஆரம்பப் பள்ளியில் சேர்ந்தாள். குழந்தைகளின் உடல் வெப்பத்தைக் குறித்து வைப்பது, படிப்பதில் பின்தங்கியவர்களைத் தனியே உட்கார்த்திப் படிக்க வைப்பது, வருகைப் பதிவைக் கணினியில் ஏற்றுவது ஆகியவை அவள் வேலை. சில மாதங்களில் முடிந்துவிட்டது. முடிந்ததும் என்ன என்ற கேள்விக்குத் திட்டத்தில் பதில் இல்லை என்று பலர் குறை சொன்னார்கள். அந்தக் குறை சரியே. ஆனால் அவள் கையில் ஒரு சான்றுக் கடிதமும், தலைமையாசிரியரின் பரிந்துரையும், வருகைப் பதிவு மென்பொருளில் பழக்கமும் இருந்தன. அந்தக் கடிதத்தை நான்தான் வற்புறுத்தி வாங்கச் சொன்னேன்: வேலை முடிகிற வாரத்தில், செய்த பணிகள் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதிய கடிதம். ‘நன்றாகப் பணியாற்றினார்’ என்று மொட்டையாக எழுதிய கடிதத்தால் யாருக்கும் பயனில்லை. அடுத்த ஆண்டு ஒரு மருந்துக் கிடங்கில் சரக்குப் பதிவு வேலைக்கு அதைக் காட்டித்தான் சேர்ந்தாள்.

எழுந்து நிற்கத் தொடங்கிய நேரத்தில் 2021 ஜூலைக் கலவரமும் கடைக் கொள்ளையும் வந்தன. எங்கள் குவாசுலு-நட்டால் மாகாணத்திலும் கவுட்டெங் மாகாணத்திலும் அந்த நாட்களில் 350க்கு மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அந்தத் துயரத்தை எழுத இந்தக் கட்டுரை இடமன்று. என் துணிக்கடை வாடிக்கையாளரின் கடை ஓர் இரவில் காலியானது, அலமாரிகள்கூட மிஞ்சவில்லை. சாதாரணக் காப்பீட்டில் கலவரச் சேதம் சேராது என்பதும், அதற்கென்று அரசுக்குச் சொந்தமான சாஸ்ரியா நிறுவனத்தின் காப்பீட்டைக் கூடுதலாகச் சேர்த்திருக்க வேண்டும் என்பதும் பல கடைக்காரர்களுக்கு அந்த வாரம்தான் தெரிந்தது. இவர் சேர்த்திருந்தார். ஆனால் எவ்வளவு சரக்கு இருந்தது என்பதற்கான பதிவேடும் கணினியும் கடையோடு போய்விட்டன. என்னிடம் இருந்தது பிப்ரவரிக் கடைசியில் எடுத்த இருப்புக் கணக்கு மட்டுமே. மொத்த வியாபாரிகள் ஒவ்வொருவரிடமும் மார்ச் முதல் ஜூலை வரையிலான விற்பனைச் சீட்டுகளை மின்னஞ்சலில் கேட்டு வாங்கி, விற்பனையைக் கழித்து, இருப்பைத் திரும்பக் கட்டியெழுப்ப ஆறு வாரம் ஆயிற்று. கோரிக்கை ஏற்கப்பட்டது, அவருடைய ஐந்து பணியாளர்களில் நால்வர் திரும்பினார்கள். இப்போது மாதம் ஒரு முறை அலமாரி அலமாரியாகப் படம் எடுத்து எனக்கு அனுப்புகிறார். நிறுத்தப்பட்டிருந்த 350 ரேண்ட் தொகையும் அந்த ஆகஸ்டில் மறுபடி தொடங்கியது.

சமையற்கூட அக்கா இப்போது பதினான்கு பேரை வைத்திருக்கிறார். பதினான்கு பேரும் பதிவில். ஒவ்வொரு மாதமும் 6ஆம் தேதி மாலை “அண்ணா, போட்டாச்சா?” என்று குரல் செய்தி வந்துவிடும். போட்டதற்கான ஒப்புகையைப் படம் பிடித்து அனுப்பினால்தான் விடுவார். சென்ற காவடிக்கு முதல் நாள், பாத்திரம் கழுவப் புதிதாக வந்த இரண்டு பெண்களிடம் சமையலறை ஏப்ரனைக் கொடுப்பதற்கு முன் அடையாள அட்டையைக் கேட்டு, படத்தை எனக்கு அனுப்பினார், இவர்களையும் சேர்த்துவிடு என்று. சேர்க்க முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தது. மாதத்துக்கு 24 மணி நேரத்துக்குக் குறைவாக ஒரு முதலாளியிடம் வேலை செய்பவருக்கு அந்த நிதியில் இடமில்லை. அவர்களுக்கு மாதத்தில் இரண்டு நாள் வேலைதான். “அப்படியானால் இன்னொரு தொற்று வந்தால் இவர்களுக்கு?” என்று கேட்டார். அந்தப் படங்களை நான் அழிக்கவில்லை. இரண்டு பெயர்களையும் எண்களையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.